குப்பை வண்டிக்குப் பின்னால் நடந்த அம்மா
ஜேன் ஆடம்ஸ் வாழ்க்கை வரலாறு (1860 – 1935)



நம்ம குழுக் கூட்டத்துல சேமிப்பு, கடன், தவணை எல்லாம் பேசி முடிச்சு, நோட்டுல கையெழுத்துப் போடுற நேரத்துல யாராவது ஒருத்தர் மெதுவா ஆரம்பிப்பாங்க. குப்பை அள்ள வண்டி வரலைங்க. சாக்கடை அடைச்சு நிக்குது. பிள்ளைங்க விளையாட ஒரு இடம் இல்ல, ரோட்டுலயே ஓடுதுங்க. உடனே இன்னொருத்தர், அதெல்லாம் கவுன்சிலர் பார்க்கிற வேலை, நாம என்ன பண்ண முடியும்னு சொல்லுவாங்க. பேச்சு அதோட முடிஞ்சிரும்.

இது நம்ம வேலையா இல்லையா என்ற இதே கேள்வி நூற்று முப்பது வருஷத்துக்கு முன்னால அமெரிக்காவில் சிகாகோ நகரத்துப் பெண்களுக்கும் வந்தது. அவங்களுக்கு அப்போ நகராட்சித் தேர்தலில் ஓட்டுப் போடும் உரிமைகூட கிடையாது. அப்படி இருந்தும் அந்த மாநகராட்சியை வேலை செய்ய வைத்தார்கள். அவர்களுக்கு நடுவில் நின்றவர் ஜேன் ஆடம்ஸ் அம்மையார். பின்னாளில் நோபல் பரிசு வாங்கியவர் என்று உலகம் அவரைச் சொல்லும். நமக்கு அவரைத் தெரிய வேண்டியது குப்பைக்காகவும், பிள்ளைகள் விளையாடும் ஒரு சின்னத் திடலுக்காகவும்.

பிறப்பும் படிப்பும்

1860-ம் ஆண்டு செப்டம்பர் 6-ம் தேதி இல்லினாய் மாநிலத்தில் சீடர்வில் என்ற சின்ன ஊரில் ஜேன் பிறந்தார். அப்பா ஜான் ஆடம்ஸ் மில் வைத்திருந்தவர், மாநில செனட் உறுப்பினர். ஆப்ரகாம் லிங்கனுக்குத் தெரிந்தவர். வசதிக்குக் குறைவில்லை. ஆனால் ஜேனுக்கு இரண்டு வயசாகும்போதே அம்மா இறந்துவிட்டார். கொஞ்ச நாளில் முதுகெலும்பில் காசநோய் வந்து முதுகு வளைந்துபோனது. கூட நடந்துபோனால் அப்பாவுக்கு அவமானமாக இருக்குமோ என்று அந்தச் சின்ன வயசில் ஒதுங்கி நடந்த குழந்தை அது.

ஏழு வயசு ஆவதற்கு முன்னால் அப்பாவோடு பக்கத்து டவுனுக்குப் போனார். ஏழைகள் இருந்த தெருவை அன்றுதான் முதல் தடவையாகப் பார்த்தார். இவ்வளவு குட்டி வீடுகளை ஏன் இப்படி நெருக்கி நெருக்கிக் கட்டியிருக்காங்க என்று அப்பாவைக் கேட்டார். பெரியவளானதும் தனக்கு ஒரு பெரிய வீடு இருக்கும், ஆனால் அது பெரிய வீடுகளுக்கு நடுவில் இருக்காது, இந்தக் குட்டி வீடுகளுக்கு நடுவில்தான் இருக்கும் என்று சொன்னாராம். குழந்தைப் பேச்சுதான். ஆனால் அப்படியே நடந்தது.

ராக்ஃபோர்டு பெண்கள் கல்லூரியில் 1881-ல் படிப்பு முடிந்தது. அதே வருஷம் அப்பா இறந்தார். டாக்டருக்குப் படிக்கப் போனார். முதுகு ஒத்துழைக்கவில்லை, பாதியில் விட்டார். அதன் பிறகு சில வருஷம் என்ன செய்வது என்றே தெரியாமல் கழிந்தது. படிச்ச பொண்ணு, கையில் பணம் இருக்கிறது, செய்ய வேலை இல்லை. ஐரோப்பாவுக்கு இரண்டு தடவை பயணம் போனார். இரண்டாவது பயணத்தில், 1888-ல், லண்டனில் டாயின்பி ஹால் என்ற இடத்தைப் பார்த்தார். படித்த இளைஞர்கள் ஏழைகள் வாழும் பகுதியிலேயே வந்து குடியிருந்து, அந்த மக்களோடு பழகி வேலை செய்த இடம் அது. தேடிக்கொண்டிருந்த வழி கிடைத்துவிட்டது என்று அவருக்குத் தோன்றியது.

ஹல் ஹவுஸ்

1889 செப்டம்பர் 18-ம் தேதி, தோழி எலன் கேட்ஸ் ஸ்டாரோடு சேர்ந்து, சிகாகோவின் ஹால்ஸ்டெட் தெருவில் ஒரு பழைய பெரிய வீட்டில் குடியேறினார். சார்லஸ் ஹல் என்பவர் கட்டிய வீடு என்பதால் அதற்கு ஹல் ஹவுஸ் என்று பெயர்.

அந்த வீடு இருந்த 19-வது வார்டில் சுமார் 50,000 பேர் இருந்தார்கள். இத்தாலியர், ஜெர்மானியர், ஐரிஷ்காரர், போலந்திலிருந்தும் ரஷ்யாவிலிருந்தும் வந்த யூதர்கள் என்று எல்லாரும் பிழைப்புத் தேடி வந்தவர்கள். ஒரு குடும்பம் இருக்க வேண்டிய வீட்டில் நாலு குடும்பம் ஒண்டுக்குடித்தனம் இருக்கும். பல வீடுகளுக்குத் தண்ணீர்க் குழாய் வெளியே முற்றத்தில்தான். சாக்கடை இணைப்பு பல வீடுகளுக்கு இல்லை. அந்த ஒரு வார்டில் மட்டும் சுமார் 250 மதுக்கடைகள் இருந்தன. வேலை முடிந்து வருகிற ஆளுக்கு உட்கார வேறு இடம் இல்லை. பிள்ளைகளுக்குத் தெருதான் எல்லாம்.

ஜேனும் எலனும் எடுத்த எடுப்பில் பெரிய திட்டம் எதுவும் போடவில்லை. அக்கம்பக்கத்து வீட்டுக்காரர்களாக இருந்தார்கள். பிரசவத்துக்கு ஆள் இல்லையென்றால் போய் உதவினார்கள். செத்தவங்களைக் குளிப்பாட்டினார்கள். கைக்குழந்தையைப் பார்த்துக்கொண்டார்கள்.

முதல் கோடையில் மூன்று பிள்ளைகளைப் பார்த்தார்கள். ஒரு பிள்ளை மூணாவது மாடி ஜன்னலிலிருந்து விழுந்தது. ஒன்று தீயில் சுட்டுக்கொண்டது. இன்னொன்றுக்கு முதுகு வளைந்திருந்தது. மூணு வருஷமாக அதை அடுப்படி மேஜைக் காலில் கட்டிப் போட்டுவிட்டு அம்மா வேலைக்குப் போயிருக்கிறார். அந்தத் தாய்மார்கள் மேல் குற்றம் சொல்ல ஜேனுக்கு வாய் வரவில்லை. வேலைக்குப் போகாவிட்டால் சோறு இல்லை, பிள்ளையை விட்டுப்போக இடமும் இல்லை. உடனே ஒரு பிள்ளைகள் காப்பகம் தொடங்கினார்கள், நம்ம பால்வாடி மாதிரி.

முதல் கிறிஸ்துமஸுக்கு வந்த சிறுமிகளுக்கு மிட்டாய் கொடுத்தார்கள். சிலர் வாங்க மறுத்துவிட்டார்கள். ஏன் என்று விசாரித்தால், அந்தப் பிள்ளைகள் மிட்டாய்க் கம்பெனியில் வேலை பார்க்கிறவர்கள். ஆறு வாரமாகக் காலை ஏழு மணியிலிருந்து ராத்திரி ஒன்பது மணி வரைக்கும் மிட்டாயோடயே இருந்து, அதைப் பார்த்தாலே குமட்டுகிற நிலைமைக்கு வந்திருந்தார்கள். ஜேனுக்கு அன்று ஒன்று புரிந்தது. மிட்டாய் கொடுத்தால் போதாது, சட்டம் மாற வேண்டும். ஹல் ஹவுஸில் தங்கியிருந்த ஃபிளாரன்ஸ் கெல்லியும் மற்றவர்களும் தகவல் திரட்டிப் போராடியதில், 1893-ல் 14 வயசுக்குக் கீழே உள்ள பிள்ளைகளைத் தொழிற்சாலையில் வைக்கக் கூடாது என்று இல்லினாய் மாநிலத்தில் சட்டம் வந்தது.

தவறும் செய்தார்கள். சத்துள்ள சாப்பாடு, குறைந்த விலை என்று கணக்குப் போட்டு ஒரு பொதுச் சமையற்கூடம் திறந்தார்கள். அக்கம்பக்கத்தில் யாரும் அவ்வளவாக வாங்கவில்லை. சத்து இருக்கலாம், ஆனா எனக்குப் பிடிச்சதைத்தான் நான் சாப்பிடுவேன் என்கிற மாதிரி ஒரு பெண் நேராகவே சொல்லிவிட்டார். மக்களுக்கு என்ன வேண்டும் என்று அவர்களைக் கேட்காமல் முடிவு செய்யக் கூடாது என்ற பாடம் ஜேனுக்குக் கிடைத்தது. அந்தச் சமையற்கூடம் பிறகு எல்லாரும் வந்து உட்கார்ந்து பேசுகிற காப்பிக் கடையானது. அதே கட்டடத்தில் உடற்பயிற்சிக் கூடமும் வந்தது.

நம்ம குழு மாதிரியே ஒரு குழு

ஒரு காலணித் தொழிற்சாலையில் பெண்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஹல் ஹவுஸில் கூடிப் பேசும்போது ஒரு விஷயம் வெளியே வந்தது. முதலில் பயந்து வேலைக்குத் திரும்பத் தயாரானவர்கள் யார் என்றால், விடுதியில் வாடகைக்குத் தங்கியிருந்த பெண்கள். வாடகை கட்டாவிட்டால் தெருவுக்குத்தான் போக வேண்டும். நமக்கென்று சொந்தமாக ஒரு விடுதி இருந்தால் ஒருத்தருக்கு ஒருத்தர் தாங்கிக்கொள்ளலாமே என்று ஒரு பெண் கேட்டார்.

கூட்டுறவு பற்றிய புத்தகத்தைச் சேர்ந்து உட்கார்ந்து படித்தார்கள். 1891 மே 1-ம் தேதி விடுதி தொடங்கியது. ஹல் ஹவுஸ் முதல் மாத வாடகையும் கொஞ்சம் சாமான்களும் கொடுத்தது. அதற்கு மேல் வாரச் சந்தா, கணக்கு, நிர்வாகம் எல்லாம் அந்தப் பெண்களே. மேலே உட்கார்ந்து மேற்பார்வை செய்ய வார்டன் கிடையாது. மூணு வருஷத்துக்குள் உறுப்பினர்கள் ஐம்பது பேர் ஆனார்கள். ஜேன் கிளப் என்று அதற்குப் பெயர்.

இந்தக் கிளப்புக்குச் சொந்தக் கட்டடம் கட்ட ஒருவர் 20,000 டாலர் தருவதாக முன்வந்தார். அந்தக் காலத்தில் அது பெரிய பணம். ஆனால் அவர் தன்னிடம் வேலை செய்கிற பெண்களுக்குக் கூலியைக் குறைத்துக் கொடுப்பவர் என்று ஊருக்கே தெரியும். உழைக்கிற பெண்களின் வீட்டை அந்தப் பணத்தில் கட்ட ஜேனுக்கு மனசு ஒப்பவில்லை. வேண்டாம் என்றார். சில வருஷம் கழித்து வேறு வழியில் கட்டடம் வந்தது.

ஒரு திடல் வந்த கதை

ஹல் ஹவுஸுக்குப் பக்கத்தில் இடிந்து விழுகிற மாதிரி சில குடியிருப்புகள் இருந்தன. அவை வில்லியம் கென்ட் என்ற இளைஞருக்கு வாரிசுரிமையில் வந்தவை. ஹல் ஹவுஸைச் சேர்ந்த ஒரு பெண் ஒரு பொதுக்கூட்டத்தில் அவர் பெயரைச் சொல்லியே அந்த வீடுகளின் நிலைமையைப் பேசிவிட்டார். கென்டுக்குக் கோபம் வந்தது. ஆனால் நேரில் வந்து பேசிய பிறகு, அந்த இடத்தையே ஹல் ஹவுஸ் பயன்படுத்திக்கொள்ளட்டும் என்றார்.

வீடுகளைச் சரிசெய்ய ஹல் ஹவுஸிடம் பணம் இல்லை. அப்படிப்பட்ட வீடுகளிலிருந்து வாடகை வாங்கவும் அவர்களுக்கு விருப்பம் இல்லை. கடைசியில் வீடுகளை அகற்றிவிட்டு இடத்தைப் பிள்ளைகளுக்குக் கொடுக்க முடிவானது. ஊஞ்சல் போட்டார்கள், சின்னப் பிள்ளைகளுக்கு மணல் கொட்டினார்கள், பெரிய பசங்களுக்குப் பந்து விளையாட இடம் விட்டார்கள். 1890-களின் முதல் பாதியில் திறந்த இந்தத் திடலைத்தான் சிகாகோவின் முதல் பொது விளையாட்டுத் திடல் என்று சொல்கிறார்கள்.

இதில் கவனிக்க வேண்டிய சங்கதி ஒன்று இருக்கிறது. இடம் தனியாருடையது, நடத்தியது பெண்கள். ஆனால் ஒழுங்கு பார்த்துக்கொள்ள ஒரு போலீஸ்காரரை ஆரம்பத்திலேயே நகரம் அனுப்பி வைத்தது. நகரத்தின் ஒரு கால் திடலுக்குள் வந்துவிட்டது. சில வருஷம் கழித்துத் திடலையே நகரத்தின் பொறுப்பில் ஒப்படைத்தார்கள்.

குளியலறையும் அப்படித்தான். அந்த வார்டில் வீட்டுக்குள் குளியலறை வைத்திருந்தவர்கள் ரொம்பக் குறைவு. ஹல் ஹவுஸ் தன் கட்டடத்தில் சில குளியலறைகளை அக்கம்பக்கத்தாருக்குத் திறந்துவிட்டது. வெயில் காலத்தில் ஓயாத கூட்டம். ஏழைகள் குளிக்க விரும்புவதில்லை என்று பேசிக்கொண்டிருந்த கனவான்களுக்கு அந்தக் கூட்டமே பதிலாக இருந்தது. பெண் மருத்துவர்களும் பெண்கள் சங்கங்களும் சேர்ந்து மாநகராட்சியை நெருக்கினார்கள். 1894-ல் ஹல் ஹவுஸுக்குப் பக்கத்திலேயே நகரத்தின் முதல் இலவசப் பொதுக் குளியல் கூடம் திறக்கப்பட்டது.

இதுதான் ஜேன் அம்மையார் கண்ட வழி. முதலில் சின்ன அளவில் நாமே செய்து காட்டுவது. மக்கள் வருகிறார்கள், தேவை இருக்கிறது என்று எண்ணிக்கையோடு காட்டுவது. பிறகு, இது உங்கள் கடமை, எடுத்து நடத்துங்கள் என்று மாநகராட்சியிடம் கொடுப்பது. எல்லாவற்றையும் காலம் பூராவும் நாமே சுமந்துகொண்டிருந்தால் வரி வாங்குகிற நகராட்சி எதற்கு இருக்கிறது?

குப்பை

அந்த வார்டின் தெருக்களில் குப்பை போட பெரிய மரப்பெட்டிகளை ஆணி அடித்து வைத்திருந்தார்கள். அழுகின பழம், துணிக் கிழிசல், இறைச்சிக் கழிவு எல்லாம் அதில்தான். நாள் கணக்கில் அள்ள மாட்டார்கள். நடை பழகும் குழந்தை முதலில் ஏறிப் பழகுவதே அந்தப் பெட்டிமேல்தான். பசங்களுக்கு அதுதான் விளையாட்டு மைதானம். அந்த வார்டில் சாவு எண்ணிக்கையும் அதிகம்.

ஹல் ஹவுஸ் பெண்கள் சங்கத்தில் இதைப் பேசினார்கள். பன்னிரண்டு பெண்கள் முன்வந்தார்கள். பகல் பூராவும் வீட்டு வேலை முடித்து, வாரத்தில் மூன்று சாயங்காலம் ஹல் ஹவுஸ்காரர்களோடு சந்து சந்தாகப் போய்ப் பார்த்தார்கள். எந்தச் சந்து, எந்த வீட்டுப் பின்புறம், எத்தனை நாளாகக் கிடக்கிறது என்று எழுதினார்கள். ஆகஸ்ட், செப்டம்பர் இரண்டே மாதத்தில் சுகாதாரத் துறைக்கு அவர்கள் அனுப்பிய புகார்கள் 1,037. எல்லாம் நேரில் பார்த்து உறுதி செய்தவை. வெயிலில் வியர்த்து, நாற்றத்தில் மூக்கைப் பொத்திக்கொண்டு எழுதியவை.

மூன்று ஆய்வாளர்களை மாற்றினார்கள். ஆனாலும் வார்டில் சாவு குறையவில்லை. 1895-ல் ஜேன் யாரும் எதிர்பார்க்காத ஒரு காரியம் செய்தார். அந்த வார்டின் குப்பை அள்ளும் கான்ட்ராக்டுக்கு அவரே டெண்டர் போட்டார். ஏதோ ஒரு விதியைக் காட்டித் தள்ளுபடி செய்துவிட்டார்கள். ஆனால் செய்தி ஊர் முழுக்கப் பரவியது. மேயர் அவரை 19-வது வார்டின் குப்பை ஆய்வாளராக நியமித்தார். வருஷத்துக்கு 1,000 டாலர் சம்பளம். தன் ஆளுக்குப் போக வேண்டிய பதவி ஒரு பெண்ணுக்குப் போய்விட்டதே என்று அரசியல்வாதிகளுக்குக் கடுப்பு.

காலை ஆறு மணிக்கு ஜேன் தெருவில் நிற்பார். வண்டிக்காரர்கள் கிளம்பினார்களா என்று பார்ப்பார். வண்டிக்குப் பின்னாலேயே குப்பை கொட்டும் இடம் வரைக்கும் போவார். ஒன்பது வண்டி ஓட்டிக்கொண்டிருந்த கான்ட்ராக்டர் பதிமூன்று வண்டி விட வேண்டி வந்தது, பிறகு பதினேழு. பெட்டி வைக்காத வீட்டுச் சொந்தக்காரர்களைக் கோர்ட்டுக்கு இழுத்தார். ஒரு குறுகலான தெருவில் தோண்டத் தோண்டக் குப்பை. கடைசியில் 18 அங்குலத்துக்குக் கீழே கல் பாவிய சாலை தென்பட்டது. அங்கே அப்படி ஒரு சாலை இருந்ததே யாருக்கும் ஞாபகம் இல்லை. மேயரையே கூட்டிவந்து காட்டினார்கள்.

அக்கம்பக்கத்துப் பெண்கள் சிலருக்கே இது பிடிக்கவில்லை. பொம்பளை செய்யுற வேலையா இது என்று முகம் சுளித்தார்கள். ஜேன் பொறுமையாக விளக்கினார். நோய் வந்தவரைப் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்வது பெண் செய்கிற வேலை என்றால், நோய் வராமல் இருக்கத் தெருவைச் சுத்தமாக்குவதும் அதே வேலைதான் என்றார். கொஞ்சம் கொஞ்சமாக அவர்களும் புரிந்துகொண்டார்கள். சாவு விகிதத்தில் நகர வார்டுகளின் பட்டியலில் மூன்றாவது இடத்தில் இருந்த 19-வது வார்டு ஏழாவது இடத்துக்கு இறங்கியது.

கொஞ்ச நாளில் அந்த வேலையைத் தன்னோடு இருந்த அமாண்டா ஜான்சன் என்ற பட்டதாரிப் பெண்ணிடம் கொடுத்தார். அரசியல்வாதிகள் சும்மா இருக்கவில்லை. குப்பை ஆய்வையும் தெரு சுத்தம் செய்வதையும் ஒரே பதவியாக்கி, அதற்கு ஆண்கள் மட்டுமே விண்ணப்பிக்கலாம் என்று வைத்துவிட்டார்கள்.

தன் வீட்டை மட்டும் சுத்தமாக வைத்த தாய்

அந்த வார்டில் பல வருஷமாக ஒரு விதவைத் தாய் இருந்தார். சொந்த வீடு. கண்ணாடி மாதிரி வைத்திருப்பார். ஆனால் தெருவில் என்ன நடந்தாலும் கண்டுகொள்ள மாட்டார். பின்னால் வந்து குடியேறியவர்களோடு ஒட்டுறவு வேண்டாம், தன் இரண்டு பெண்களைப் படிக்க வைத்துவிட்டு இங்கிருந்து போய்விட்டால் போதும் என்று இருந்தார். சுகாதாரத்துக்காக மற்றவர்கள் எடுத்த பொது முயற்சிகளிலும் சேர்ந்துகொள்ளவில்லை.

பெண்கள் இரண்டு பேரும் தூரத்துக் கல்லூரியில் படித்தார்கள். ஒரு கோடை விடுமுறைக்கு வீட்டுக்கு வந்தார்கள். அந்த நேரம் வார்டில் டைபாய்டு பரவிக்கொண்டிருந்தது. இரண்டு பேருக்கும் வந்தது. ஒரு பெண் இறந்துபோனாள்.

அந்தத் தாய் செய்த தப்பு என்ன? யாருக்கும் கெடுதல் நினைக்கவில்லை. தன் வாசலை மட்டும் பெருக்கினார். ஆனால் சாக்கடைத் தண்ணீருக்கும் ஈக்கும் எது யார் வாசல் என்று தெரியாது. இந்தச் சம்பவத்தை ஜேன் தன் வாழ்க்கை நூலில் மறக்காமல் எழுதி வைத்தார்.

அந்த டைபாய்டு 1902-ல் வந்தது. நகர மக்கள்தொகையில் முப்பத்தாறில் ஒரு பங்குதான் அந்த வார்டு. நகரத்தில் டைபாய்டில் இறந்தவர்களில் ஆறில் ஒரு பங்கு அந்த வார்டிலிருந்து. ஹல் ஹவுஸ் பெண்கள் வீடு வீடாகப் போய்க் கழிவுநீர் இணைப்புகளைக் கணக்கெடுத்தார்கள். சுகாதாரப் பிரிவில் நடந்த முறைகேடுகள் வெளியே வந்து, அதிகாரிகள் பலர் வேலை இழந்தார்கள்.

தோற்ற தேர்தல்கள்

அந்த வார்டின் கவுன்சிலர் ஜானி பவர்ஸ். மாநகர மன்றத்தில் பெரிய கை. வார்டுக்குப் பள்ளிக்கூடம் போதவில்லை, தெரு சரியில்லை. ஆனால் யார் வீட்டில் சாவு என்றாலும் அவர் செலவு செய்வார். கல்யாணத்துக்கு மொய் வைப்பார். பையனுக்கு வேலை வாங்கித் தருவார். ஒரு கிறிஸ்துமஸுக்கு ஆறு டன் வான்கோழி இறைச்சி கொடுத்தார் என்று ஜேன் எழுதியிருக்கிறார்.

அவரை எதிர்த்து 1896-லும் 1898-லும் ஹல் ஹவுஸ் ஆதரவோடு ஆட்கள் நின்றார்கள். இரண்டு தடவையும் தோற்றார்கள். ஜேன் மக்களைத் திட்டவில்லை. ஏன் இப்படி ஓட்டுப் போடுகிறார்கள் என்று யோசித்தார். கஷ்டம் வரும் ராத்திரியில் கதவைத் தட்டினால் திறக்கிற ஆள் அவர்தான். நல்லவர்கள் மேடையில் பேசிவிட்டுப் போய்விடுகிறார்கள். இது அவருக்குப் புரிந்தது. அதே சமயம், அந்த வான்கோழிக்குப் பணம் எங்கிருந்து வந்தது என்பதையும் விளக்கினார். நகரத்தின் டிராம் கம்பெனி முதலாளிகளுக்குச் சாதகமாக மன்றத்தில் ஓட்டுப் போட்டதில் வந்த பணம் அது. அதே மக்கள் கொடுத்த டிராம் கட்டணம்தான் வான்கோழியாகத் திரும்பி வந்தது.

திடல்கள் பெருகின

வார்டில் தோற்றாலும் நகரத்தில் பேச்சு மாறிவிட்டது. 1899-ல் சிகாகோ மாநகர மன்றம் சின்னப் பூங்காக்கள், விளையாட்டுத் திடல்களுக்காக ஒரு சிறப்புக் குழு அமைத்தது. 1905-ல் நகரத்தின் தென்பகுதியில் நெருக்கமான தொழிலாளர் குடியிருப்புகளுக்கு நடுவில் வரிசையாகச் சிறு பூங்காக்கள் திறந்தார்கள். வெறும் மரமும் புல்லும் இல்லை. கூட்டம் போட மண்டபம், உடற்பயிற்சிக் கூடம், குளியலறை, படிப்பகம் எல்லாம் ஒரே இடத்தில், பொதுப் பணத்தில். ஹல் ஹவுஸ் ஒரு தெருவில் செய்ததை நகரம் பல இடங்களில் செய்தது. 1906-ல் நாடு முழுவதற்குமான விளையாட்டுத் திடல் சங்கம் உருவானபோது அதைத் தொடங்கியவர்களில் ஜேனும் ஒருவர்.

1909-ல் இளைஞர்களையும் நகரத் தெருக்களையும் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். அதில் அவர் சொன்னதன் சாரம் இதுதான். பசங்களையும் பெண்பிள்ளைகளையும் வேலைக்கு எடுத்துக்கொள்ள நகரம் எல்லா ஏற்பாடும் செய்கிறது. வேலை முடிந்த பிறகு அவர்கள் சிரிக்கவும் ஆடவும் ஓடவும் எந்த ஏற்பாடும் செய்வதில்லை. அந்த இடத்தை மதுக்கடைக்காரன் எடுத்துக்கொள்கிறான். பிறகு பிள்ளைகள் கெட்டுப்போச்சு என்று புலம்பி என்ன பிரயோஜனம்?

1913-ல் இல்லினாய் பெண்களுக்கு நகராட்சித் தேர்தலில் ஓட்டுரிமை கிடைத்தது. அதற்கும் ஜேன் பாடுபட்டார். நகரம் என்பது பெரிய வீடு, வீட்டு நிர்வாகம் தெரிந்த பெண்களை விலக்கி வைத்ததால்தான் நகரம் இப்படிக் கிடக்கிறது என்பது அவர் வாதம்.

கடைசிக் காலம்

முதல் உலகப் போர் வந்தபோது போர் வேண்டாம் என்றார். 1915-ல் நெதர்லாந்தில் ஹேக் நகரத்தில் கூடிய பெண்கள் மாநாட்டுக்குத் தலைமை தாங்கினார். அதுவரை தலையில் வைத்துக் கொண்டாடிய அதே பத்திரிகைகள் தேசத்துரோகி என்கிற அளவுக்கு எழுதின. ஜேன் பின்வாங்கவில்லை. 1931-ல் அமைதிக்கான நோபல் பரிசு இன்னொருவரோடு சேர்த்து அவருக்கும் கிடைத்தது. அந்தப் பரிசை வாங்கிய முதல் அமெரிக்கப் பெண் அவர்.

1935 மே 21-ம் தேதி சிகாகோவில் காலமானார். பிறந்த ஊரான சீடர்வில்லில் அடக்கம் செய்தார்கள். 1960-களில் பல்கலைக்கழகம் கட்டுவதற்காக ஹல் ஹவுஸின் பெரும்பாலான கட்டடங்களை இடித்துவிட்டார்கள். முதலில் குடியேறிய பழைய வீடு இன்றும் நினைவில்லமாக நிற்கிறது.

நமக்கு

இந்த வரலாற்றைப் படிக்கும்போது ஜேன் அம்மையாரைவிட அந்தப் பன்னிரண்டு பெண்கள்தான் திரும்பத் திரும்ப ஞாபகத்துக்கு வருகிறார்கள். கூலி வேலைக்குப் போகிறவர்களின் மனைவிமார், பிழைக்க வந்த ஊர், ஓட்டும் இல்லை. அவர்கள் கையில் இருந்தது ஒரு நோட்டும் பென்சிலும். நம்மிடம் நோட்டு இருக்கிறது, எழுதிப் பழகின கை இருக்கிறது. ஓட்டு இருக்கிறது. வார்டு உறுப்பினராகவும் தலைவராகவும் நம்ம பெண்களே உட்கார்ந்திருக்கிறார்கள்.

அடுத்த கூட்டத்துல கடைசியா அந்தப் பேச்சு வந்தா, கவுன்சிலர் பார்த்துக்குவாருன்னு எழுந்திரிச்சுப் போயிராம, ஒரு பக்கம் ஒதுக்கி எழுதுவோம். எந்தத் தெரு, எத்தனை நாளா, எத்தனை வீடு, எத்தனை பிள்ளைங்க. தேதி போட்டு, எல்லாரும் கையெழுத்துப் போட்டு, ஒரு நகல் நம்மகிட்ட வச்சுக்கிட்டு மனு கொடுப்போம். பதில் வரலைன்னா மறுபடியும் எழுதுவோம். 1,037 வரைக்கும் எழுதினவங்க இருக்காங்க.